மழையில் கார்ப் பந்தயம்: ஒரு புள்ளியில் பறிபோன பட்டம்

கிரிக்கெட் மைதானத்தில் நாலு துளி மழை விழுந்தால் போதும். நடுவர்கள் பெயில்ஸைத் தட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஊழியர்கள் பெரிய விரிப்பை இழுத்து வந்து ஆடுகளத்தை மூடுவார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருக்கும் நமது பிள்ளைகளும் "மெச் நின்றுவிட்டது" என்று சலித்துக்கொண்டே எழும்பிப் போவார்கள்.

கார்ப் பந்தயத்தின் வழக்கம் வேறு. மழை வந்தால் அங்கே டயரை மாற்றிக்கொண்டு ஓட்டத்தைத் தொடருவார்கள். அதுமட்டுமன்றி, மழை வராதா என்று காத்திருக்கும் ரசிகர்களும் அநேகர். காரணம் இருக்கிறது. வெயிலில் பணக்காரக் குழுவின் வலிமையான கார்தான் பெரும்பாலும் முந்தும். மழையிலோ இயந்திரத்தின் பலம் முழுவதையும் பாதையில் இறக்க முடியாது. ஆகவே சாரதியின் கையும் காலும் கண்ணும்தான் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. 1993 ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் டொனிங்டன் பாதையில் பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னா, ஈரமான முதற் சுற்றிலேயே ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தார். அந்த ஒரு சுற்றை இன்றும் பேசிப் பேசி மகிழ்கிறார்கள்.

அது பார்ப்பவர்களின் மகிழ்ச்சி. உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவரின் நிலை என்ன? மழை பந்தயப் பாதையை என்ன செய்கிறது? அந்த மழையில் ஓட மறுத்த ஒருவர் என்ன விலை கொடுத்தார்? இக்கட்டுரை அதைப் பற்றியதுதான். காரோட்டம் நமக்கு எதற்கு என்று எண்ணும் சகோதரிகள் சற்றுப் பொறுமையுடன் வாசிக்கவும். மழை நாளில் பிள்ளையை முச்சக்கர வண்டியில் பள்ளிக்கூடம் அனுப்பும் உம்மாமாருக்கும் இதில் சில சங்கதிகள் உண்டு.

தேய்ந்த செருப்பும் மொட்டை டயரும்

கழுவிய சீமெந்துத் தரையில் தேய்ந்துபோன பாட்டா செருப்போடு நடந்து பார்த்தவர்களுக்கு ஈரத்தின் தன்மையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பின் அடியில் வரிகள் இருக்கும்வரை தண்ணீர் அந்த வரிகளின் வழியாக ஒதுங்கிப் போகும். றப்பர் தரையைத் தொடும். வரிகள் தேய்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை. காலுக்கும் தரைக்கும் இடையில் அது ஒரு மெல்லிய தகடு போல நின்றுவிடுகிறது. அடுத்த கணம் நாம் தரையில் கிடப்போம்.

வாகனத்தின் கதையும் இதேதான். சாதாரண கார் ஒன்றின் டயர் எந்த நேரத்திலும் வீதியைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் மாத்திரமே. நான்கு உள்ளங்கைகள்தான் முழுக் குடும்பத்தையும் வீதியில் பிடித்து வைத்திருக்கின்றன. டயரில் வெட்டப்பட்டிருக்கும் வரிகள் அழகுக்காக உள்ளவையல்ல. அவை தண்ணீரை வெளியே தள்ளும் வாய்க்கால்கள். வேகம் கூடக்கூட, தள்ளுவதற்கான நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் வாய்க்கால்களால் தாக்குப்பிடிக்க முடியாமல், தண்ணீர் டயரின் அடியில் ஆப்பு போல நுழைந்து வாகனத்தையே மேலே தூக்கிவிடும். அதன்பின் கார் ஓடுவதில்லை, மிதக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. நமது அதிவேக வீதிகளில் மழை நேரத்தில் வேகத்தைக் குறைக்கும்படி அறிவிப்பதும் இதற்காகத்தான்.

இனி வியப்பான விஷயம் ஒன்று. பந்தயக் கார்கள் வெயிலில் ஓடும்போது வரியே இல்லாத மொட்டை டயர்களைப் போட்டுக்கொண்டுதான் ஓடுகின்றன. நமது வீதியில் அப்படி ஒரு டயரோடு போனால் பொலிஸ்காரர் நிறுத்திவிடுவார். காய்ந்த பாதையில் வரி தேவையில்லை. வரி இல்லையென்றால் அதிக றப்பர் தரையைத் தொடும், பிடிப்பும் கூடும். அதே டயர் மழையில் மிக மோசமான எதிரி.

ஆகவே போர்மியுலா வன் எனப்படும் உயர்தரப் பந்தயத்தில் ஈரத்துக்கென்று இருவகை டயர்கள் தனியாக வைத்திருக்கிறார்கள். இலேசான ஈரத்துக்குப் பச்சை நிற அடையாளமிட்டது. கடும் மழைக்கு நீல நிற அடையாளமிட்டது. பிரெல்லி நிறுவனம் தயாரித்த நீல அடையாள டயர் ஒன்று, மணித்தியாலத்துக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு 85 லீற்றர் தண்ணீரை அள்ளி வீசக்கூடியது என்று அந்நிறுவனமே தெரிவித்திருக்கிறது. நான்கு டயருக்கும் கணக்குப் பாருங்கள். நீங்கள் ஒரு தடவை கண்ணிமைக்கும் நேரத்தில் பல வாளித் தண்ணீர் காற்றில் பறக்கும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பின்னால் வருபவரின் கண்ணுக்குத்தான் போகிறது.

மழைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வழுக்குவதைப் பற்றியே பேசுவார்கள். கைதேர்ந்த சாரதிக்கு வழுக்கல் ஓரளவு பழகிய சங்கதி. எங்கே வழுக்கும், எவ்வளவு வழுக்கும் என்று அவருடைய உடம்பு கணக்குப் போட்டுக்கொள்ளும். கண் மறைந்துவிட்டால் எந்தத் திறமையும் உதவாது. முன்னால் ஓடும் கார்களின் சக்கரங்களிலிருந்து எழும்பும் நீர்த்திவலை வெள்ளைத் திரையாக நிற்கும். அதற்குள் ஒரு கார் குறுக்கே நின்றாலும், மோதும் வரை தெரியாது. முதலில் ஓடுபவர் ஒருவருக்குத்தான் பாதை தெரியும். மற்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நம்பிக்கையில் காலை அழுத்திக்கொண்டு போகிறார்கள்.

இந்தத் திரையைக் குறைப்பதற்காகச் சக்கரங்களுக்குக் கவசம் பூட்டி 2023ஆம் ஆண்டு சோதித்தும் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதி பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் நடந்த இளம் சாரதிகளுக்கான பந்தயத்தில், மழைத் திரைக்குள் கட்டுப்பாட்டை இழந்த காரை மற்றொரு கார் வந்து மோதியது. நெதர்லாந்தைச் சேர்ந்த டிலானோ வன்ற் ஹொஃப் உயிரிழந்தார். அவருக்கு வயது 18.

பாதையும் நிறம் மாறும்

டயர் ஒருபுறமிருக்க, பாதையும் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருக்கும். நல்ல வெயிலில் கார்கள் திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் ஓடுவதால் டயரின் றப்பர் உருகித் தாரோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த வேளையில் அந்தத் தடம்தான் நல்ல பிடிப்புள்ள இடம். மழை பெய்ததும் அதே தடம் சவர்க்காரம் பூசியது போலாகிவிடும். அதனால் அனுபவசாலிகள் மழையில் வழமையான தடத்தை விட்டு விலகி, யாரும் ஓடாத சொரசொரப்பான பக்கத்தைத் தேடுவார்கள். ஓரங்களில் தீட்டப்பட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளும் சிவப்பு வெள்ளை விளிம்புகளும் ஈரத்தில் கண்ணாடி போல வழுக்கும். நமது வீதிகளிலும் மஞ்சள் கடவையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் சறுக்கி விழுவது இதனால்தான். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை மிகவும் பொல்லாதது. வீதியில் ஊறிக்கிடந்த எண்ணெயும் தூசும் மேலே மிதந்து வந்துவிடும்.

மழை விட்ட பிறகும் சிக்கல் தீர்ந்துவிடாது. கார்கள் ஓட ஓட ஒரு தடம் மாத்திரம் காயத் தொடங்கும். மழை டயருக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. காய்ந்த தரையில் அது சூடேறிக் கிழியத் தொடங்கிவிடும். எனவே சாரதிகள் டயரைக் குளிர வைப்பதற்காகத் தேங்கிய நீரைத் தேடித் தேடி ஓடுவார்கள். ஒரு சுற்று முந்தி டயர் மாற்றினால் வழுக்கும், ஒரு சுற்றுப் பிந்தினால் தோல்வி.

இவை எல்லாம் சேர்ந்து ஒரே ஆண்டில் ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து மோதியது 1976இல்.

நெருப்பிலிருந்து மீண்டவர்

ஒஸ்திரியா நாட்டைச் சேர்ந்த நிக்கி லவுடா, 1975இல் இத்தாலியின் பெராரி குழுவுக்காக உலகப் பட்டம் வென்றவர். துணிச்சலை விடக் கணக்குக்குப் பேர்போனவர். அடுத்த ஆண்டும் அவரே முன்னணியில் இருந்தார். 1976 ஓகஸ்ட் முதலாம் திகதி ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் பந்தயம். மலையும் காடுமாக ஒரு சுற்று மாத்திரம் 22 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பாதை அது. ஒரு முனையில் மழை பெய்யும்போது மறுமுனையில் வெயில் அடிக்கும். எந்த டயரைப் போட்டாலும் பாதையின் ஏதோ ஒரு பகுதிக்கு அது பிழையாகத்தான் இருக்கும். இவ்வளவு நீளமான பாதையில் விபத்து நடந்தால் உதவி வந்து சேர நேரமாகும் என்று, அங்கே ஓடக்கூடாதென வாதிட்டவர்களில் லவுடாவே முதன்மையானவர். மற்றச் சாரதிகளில் பெரும்பான்மையோர் இணங்கவில்லை. அவரும் ஓடினார்.

பாதை ஈரமாக இருந்ததால் அநேகர் மழை டயரோடு புறப்பட்டார்கள். முதற் சுற்று முடிவதற்குள் பாதை காயத் தொடங்கிவிட்டது. லவுடா மொட்டை டயருக்கு மாறிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டாம் சுற்றில் அவரது கார் பாதையை விட்டு விலகி மோதித் தீப்பற்றியது. இதற்குக் காரணம் ஈரம்தான் என்று சொல்லிவிட முடியாது. காரின் பின்பகுதியில் ஏதோ உடைந்திருக்க வேண்டும் என்று கருதுவோரே அதிகம். பின்னால் வந்த சாரதிகள் நால்வர் தங்கள் கார்களை நிறுத்திவிட்டு நெருப்புக்குள் புகுந்து அவரை இழுத்தெடுத்தார்கள்.

முகமும் தலையும் வெந்துபோயின. நச்சுப் புகை நுரையீரலுக்குள் போயிருந்தது. பிழைக்க மாட்டார் என்று கருதி, அவர்களுடைய மத வழக்கப்படி இறுதிச் சடங்குப் பிரார்த்தனையும் நடத்தப்பட்டது. ஆயினும் ஆண்டவன் விதித்த ஆயுள் மிச்சமிருந்தது. விபத்து நடந்து 42ஆம் நாள், செப்டெம்பர் 12ஆம் திகதி, காயங்கள் ஆறாத நிலையில் கட்டுப்போட்ட தலையின் மேல் கவசத்தை மாட்டிக்கொண்டு இத்தாலியின் மொன்ஸா பாதையில் அவர் ஓடினார். நான்காம் இடம் பெற்றார். வைத்தியர்கள் என்ன சொன்னார்களோ, வீட்டார் என்ன பாடுபட்டார்களோ! விளையாட்டு உலகில் இதற்கு நிகரான இன்னொன்றைக் காண்பது அரிது.

ஒன்று மாத்திரம் பழையபடி திரும்பவில்லை. வெந்துபோன இமைகள் சரியாக மூடவில்லை. கண்ணை இமைப்பது என்பது நாம் நினைத்தும் பார்க்காத ஒரு நிஃமத். லவுடா அதை இழந்திருந்தார்.

பூஜி மலையடிவாரத்தில்

1976 ஒக்டோபர் 24ஆம் திகதி. ஜப்பானில் உலகப் பட்டத்துக்கான போர்மியுலா வன் பந்தயம் அன்றுதான் முதன்முதலாக நடைபெற்றது. இடம் பூஜி மலையடிவாரம். ஆண்டின் கடைசிப் பந்தயமும் அதுவே. லவுடாவின் கையில் 68 புள்ளிகள். அவர் கட்டிலில் கிடந்த காலத்தில் நெருங்கி வந்துவிட்ட இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் ஹன்ட்டிடம் 65. அன்றைய ஓட்டம் பட்டத்தைத் தீர்மானிக்கும்.

காலையிலிருந்தே அடைமழை. பாதையின் குறுக்கே ஓடைகள் ஓடின. பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கியிருந்தது. ஓடலாமா கூடாதா என்று நீண்ட விவாதம் நடந்தது. தொலைக்காட்சியில் பல நாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. குறித்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பிந்தி ஓட்டத்தை ஆரம்பித்தார்கள்.

லவுடா இரண்டு சுற்றுகள் ஓடினார். பிறகு குழுவின் இடத்துக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

முன்னால் நீர்த்திரை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு இமைக்காத கண்கள். இப்படி ஓடுவது புத்தியில்லாத காரியம் என்பது அவரது முடிவு. பெராரியின் பொறியியலாளர் மவுரோ போர்கியேரி, இயந்திரத்தில் கோளாறு என்று வெளியே சொல்லிவிடுவோமா என்று கேட்டார். லவுடா அதற்கு உடன்படவில்லை. உண்மையான காரணத்தையே சொல்லச் சொன்னார். பட்டம் போகப்போகிறது, கோழை என்று பத்திரிகைகள் எழுதப்போகின்றன என்று தெரிந்துகொண்டே அப்படிச் சொன்ன அந்தச் சொல், மொன்ஸாவில் ஓடியதை விடவும் பெரியது என்பது என் எண்ணம். உடல் வலியைத் தாங்குவோர் பலர் உண்டு. பெயர் கெட்டுப்போவதைத் தாங்குவோர் குறைவு.

அன்று அவர் தனியாகவும் இல்லை. பிரேசிலின் எமர்சன் பிட்டிபால்டி, கார்லோஸ் பாச்சே, ஒஸ்திரேலியாவின் லரி பெர்க்கின்ஸ் ஆகிய மூவரும் அந்த நிலையில் ஓட விரும்பாமல் விலகிக்கொண்டார்கள். பிட்டிபால்டி இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர்.

பிறகு நடந்தது விநோதமானது. மழை ஓய்ந்தது. பாதை காயத் தொடங்கியது. முன்னணியில் ஓடிய ஹன்ட்டின் மழை டயர்கள், மேலே நான் சொன்னபடியே சூடேறித் தேய்ந்தன. ஓட்டம் முடியச் சில சுற்றுகளே இருக்கையில் டயரில் காற்றுப் போய், மாற்றுவதற்காக உள்ளே வரவேண்டியதாயிற்று. வெளியே போகும்போது பின்தள்ளப்பட்டிருந்தார். கடைசிச் சுற்றுகளில் இருவரை முந்தி மூன்றாம் இடத்தில் முடித்தார். அதற்கு 4 புள்ளிகள். முழுத் தொகை 69. தான் பட்டம் வென்றது அவருக்கே அப்போது தெரியவில்லை. டயர் மாற்றும்படி முன்கூட்டியே அழைக்கவில்லை என்று குழுத் தலைவரோடு சண்டைக்குப் போனார். பந்தயத்தை வென்றவர் மரியோ அன்ட்ரெட்டி. டயரைத் தேயவிடாமல் பொறுமையாக ஓடியவர் அவர்.

ஒரே ஒரு புள்ளியால் லவுடாவின் பட்டம் போயிற்று. மழை ஓய்ந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. மழை ஓயும் என்று மூன்றாம் சுற்றில் யாருக்குத் தெரியும்? அடுத்த ஆண்டு, 1977இல், அதே பெராரி காரில் அவர் மீண்டும் உலகப் பட்டத்தை வென்றார்.

யார் நிறுத்துவது?

பூஜியில் முடிவு ஒவ்வொரு சாரதியின் தலையிலும் போடப்பட்டிருந்தது. இன்று அப்படியல்ல. ஓட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அதிகாரிகளின் பொறுப்பு. மழை கடுமையானால் பாதுகாப்புக் கார் ஒன்றை முன்னால் விட்டு எல்லாரையும் மெதுவாக ஓடச் செய்வார்கள். இன்னும் கடுமையானால் சிவப்புக் கொடி.

அப்படியிருந்தும் உயிர்கள் போயின. 2014 ஒக்டோபர் 5ஆம் திகதி, அதே ஜப்பானில், சுசூகா பாதையில் சூறாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஓட்டம் நடந்தது. ஒரு வளைவில் ஒரு கார் வழுக்கிப்போய் நின்றது. அதைத் தூக்குவதற்கு இயந்திர வாகனம் ஒன்று பாதையோரத்துக்கு வந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் வழுக்கிய பிரெஞ்சு இளைஞர் ஜூல்ஸ் பியாங்கியின் கார் நேராக அந்த வாகனத்தின் அடியில் போய் மோதியது. ஒன்பது மாதங்கள் நினைவு திரும்பாமலேயே கிடந்து 2015 ஜூலை 17ஆம் திகதி காலமானார். வயது 25. அதன் பின்னர்தான், ஆபத்தான நேரத்தில் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் வேகத்தைக் குறைத்தேயாக வேண்டும் என்னும் முறை 2015இல் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2022இல், அதே சுசூகா மழையில் மீண்டும் ஓர் இயந்திர வாகனம் பாதையில் நிற்க, அதன் அருகே கார் ஒன்று பறந்து போனது. சாரதிகள் கொதித்துப் போனதில் வியப்பில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நாளும் உண்டு. 2021 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஸ்பா பாதையில் மக்கள் மணிக்கணக்காக மழையில் நனைந்துகொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்றுகள் ஊர்வலம் போல ஓடவிட்டு, பந்தயம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. ஆனாலும் அரைப் புள்ளிகள் வழங்கப்பட்டன. ஓடாமல் விட்டது சரிதான். காசு கொடுத்து வந்த மக்களை அவ்வளவு நேரம் காக்க வைத்ததும், நடக்காத பந்தயத்துக்குப் புள்ளி கொடுத்ததும்தான் பிழை. பாதுகாப்புக் கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றுகளாவது ஓடியிருந்தால்தான் புள்ளி என்று மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள்.

அரைப் புள்ளி என்றதும் லவுடாவிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

1984 ஜூன் 3ஆம் திகதி மொனாக்கோவில் கடும் மழை. 31 சுற்றுகளின் கணக்கோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். முன்னணியில் இருந்த பிரான்ஸ் நாட்டு அலன் புரோஸ்ட்டுக்கு, வெற்றிக்குரிய 9 புள்ளிகளில் பாதியாக 4.5 கிடைத்தது. ஆண்டு முடிவில் பட்டத்துக்குப் போட்டியிட்டவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்த இருவர். புரோஸ்ட் 71.5 புள்ளிகள். லவுடா 72. அன்று ஓட்டம் முழுமையாக நடந்து, புரோஸ்ட் இரண்டாம் இடத்துக்குப் போயிருந்தாலும் 6 புள்ளிகள் பெற்றிருப்பார், பட்டமும் அவருடையதாகியிருக்கும். 1976இல் மழையில் ஒரு புள்ளியால் பட்டத்தை இழந்தவர், எட்டு ஆண்டுகளுக்குப் பின் அரைப் புள்ளியால் மூன்றாம் முறையாக உலகப் பட்டம் பெற்றார். அவர் காலமானது 2019 மே 20ஆம் திகதி.

மொனாக்கோவின் அந்த மழையில் லவுடாவும் ஓடியவர்தான். 23 சுற்றுகள் முடித்த நிலையில் அவரது கார் வழுக்கிச் சுழன்று நின்றுவிட்டது. அன்று அவருக்குக் கிடைத்த புள்ளி பூச்சியம்.